டென்சிட்டி ஆல்டிடியூட்: காற்று சொல்லும் உயரம்

கோடையில் விமானப் பயிற்சிக்குப் போகிறவர்கள் காதில் அடிக்கடி விழும் வாக்கியம் இது: ‘இன்னைக்கு டென்சிட்டி ஆல்டிடியூட் ஜாஸ்தி, பார்த்துக் கிளம்பு.’ விமானம் தரையில்தான் நிற்கிறது. ஓடுபாதையும் நேற்று இருந்த இடத்தில்தான் கிடக்கிறது. அப்படியிருக்க எந்த உயரம் ஜாஸ்தியானது? இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அந்தச் சொல்லேதான்.

இரண்டு துண்டுமே லத்தீனிலிருந்து வந்தவை. ‘டென்சுஸ்’ என்றால் நெருக்கமானது, செறிந்தது. ‘ஆல்டுஸ்’ என்ற சொல்லுக்கு உயரம், ஆழம் இரண்டும் பொருள். மலையும் ஆல்டுஸ், கடலும் ஆல்டுஸ். தமிழில் ‘அடர்’ என்ற வேர் முதல் துண்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அடர்ந்த காடு என்கிறோம், அடர்த்தியான கூந்தல் என்கிறோம். ஒரே இடத்துக்குள் எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்பதுதான் செய்தி. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘நிறை’ என்பதை இலங்கைப் பாடநூல் ‘திணிவு’ என்னும்; அங்கே ‘நிறை’ என்றால் நம்முடைய எடை. நல்லவேளையாக அடர்த்தி இரு கரையிலும் அடர்த்திதான்.

துண்டுகளில் சிக்கல் இல்லை. சேர்த்து வைத்ததில்தான் சிக்கல்.

விமானத் துறைக்குப் பொதுவாக ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அதற்காகக் காகிதத்தில் ஒரு வளிமண்டலத்தை வகுத்துக்கொண்டார்கள். அதில் கடல்மட்டத்தில் வெப்பம் 15 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோ. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி குறையும். இதைப் பொதுத்தர வளிமண்டலம் எனலாம். இப்போது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அடர்த்தி, அந்தக் காகித வளிமண்டலத்தில் எந்த உயரத்தில் இருக்கும் என்று தேடிப் பார்த்தால் கிடைக்கும் எண்தான் டென்சிட்டி ஆல்டிடியூட். நாடாவை வைத்து அளக்கும் உயரமே இல்லை அது. ஓர் ஒப்பீடு.

சென்னையை எடுத்துக்கொள்வோம். மீனம்பாக்கம் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஐம்பது அடி சொச்சம். அக்னி நட்சத்திரத்து நண்பகலில் 40 டிகிரி. பொதுத்தர வெப்பத்தைவிட 25 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு 120 அடி என்பது விமானிகளின் கைக்கணக்கு. 25-ஐ 120-ஆல் பெருக்கினால் 3,000 அடி. பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையமும் ஏறக்குறைய 3,000 அடியில்தான் இருக்கிறது. சக்கரம் தரையில் இருக்கும்போதே, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் சென்னை அந்த உயரமாகிவிட்டது. (தேவனஹள்ளியில் வெயில் அடித்தால் அதுவும் இன்னும் மேலே போகும், அது வேறு கணக்கு.)

இதனால் என்ன கெடுகிறது? இறக்கையைத் தாங்குவது காற்று. அது மெலிந்தால் அதே எடையைத் தூக்க அதிக வேகம் வேண்டும். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் நிறை குறைவதால் உந்துவிசையும் குறைகிறது. புரொபெல்லர் வைத்த சிறு விமானமானால் அந்த விசிறிக்கும் பிடிமானம் குறையும். வேகம் கூடுதலாக வேண்டும், அந்த வேகத்தை எட்டும் வலுவோ குறைவு. ஆக ஓடுபாதையில் நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கிறது, எழும்பிய பின்னும் மெதுவாகத்தான் ஏறுகிறது.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது வேகமானி. விமானத்தில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாய் எதிர்க்காற்றின் அழுத்தத்தை அளந்து வேகத்தைக் காட்டுகிறது. காற்று மெலிந்தால் குழாயில் படும் அழுத்தமும் அதே கணக்கில் குறையும். எனவே விமானி எப்போதும் பழகிய அதே எண்ணில்தான் மூக்கைத் தூக்குகிறார். 60 என்றால் 60. ஆனால் சன்னலுக்கு வெளியே ஓடுபாதைக் கோடுகள் வழக்கத்தைவிட விரைவாகப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். முள் பழைய இடத்தில் நிற்பதால், புதியவர்களுக்கு எதுவும் மாறியதாகவே தோன்றாது. ஓடுபாதையின் மறுமுனை நெருங்கும்போதுதான் தெரியும்.

லடாக்கின் லே விமான நிலையத்தில் இந்தச் சொல் அன்றாடப் பிழைப்பு. அதன் உயரம் 10,682 அடி. பொதுத்தரக் கணக்கில் அந்த உயரத்தில் வெப்பம் மைனஸ் 6 டிகிரி இருக்க வேண்டும். ஜூலைப் பகலில் 25 டிகிரி அடித்தால் 31 டிகிரி வித்தியாசம். கைக்கணக்குப்படி டென்சிட்டி ஆல்டிடியூட் 14,400 அடி. பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போவதற்கு மதியத்துக்கு மேல் வீசும் மலைக்காற்று ஒரு காரணம், இந்தச் சூடு இன்னொன்று. கிளம்பும் விமானத்தில் எடையைக் குறைத்தே ஏற்றுவார்கள். 2024 ஜூலைக் கடைசியில் அங்கே வெப்பம் மீறிப்போக, விமானங்களை ரத்தே செய்தார்கள்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புழுக்கமான நாளில் ‘காத்தே கனமா இருக்கு’ என்கிறோம். நம் உடம்புக்கு அப்படித் தோன்றுவது உண்மை. ஆனால் உலர்ந்த காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29, நீராவிக்கு 18. நீராவி புகுந்த அளவுக்குக் காற்று இலேசாகிறது. வெப்பம் அளவுக்கு இது பெரிதில்லை. இருந்தாலும் கடலோர ஊர்களில் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி தமிழ்ச் சொல். நேர்பெயர்ப்பாக ‘அடர்த்தி உயரம்’ எனலாம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ‘இன்று அடர்த்தி உயரம் அதிகம்’ என்று ஒரு மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். அடர்த்தி கூடிவிட்டது, காற்று திடமாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மை நேர் எதிர். தப்பாகப் புரிந்துகொண்டு முழு எடையோடு கிளம்பினால் உயிருக்கே ஆபத்து. ‘செறிவு உயரம்’ என்றாலும் அதே குறைதான். போதாததற்குச் செறிவு வேதியியலில் வேறு வேலையில் இருக்கிறது. ‘நிகர் உயரம்’ என்று சுருக்கினால் நிகர லாபம், நிகர எடை பக்கம் புத்தி போகும்.

சொல்லுக்குள்ளேயே ஒப்பீடு இருக்க வேண்டும். ‘அடர்வொத்த உயரம்’ என்பது என் பரிந்துரை: அடர்வு + ஒத்த + உயரம், அதாவது இன்றைய காற்றின் அடர்வை ஒத்திருக்கும் உயரம். கூடவே வரும் ‘பிரஷர் ஆல்டிடியூட்’ என்பதையும் இதே அச்சில் ‘அழுத்தமொத்த உயரம்’ எனலாம். உயரமானியில் பொதுத்தர அழுத்தமான 1013-ஐ வைத்தால் முள் காட்டுவது அதைத்தான். பயிற்சி மாணவர்கள் பையில் வைத்திருக்கும் ஈ6பி என்ற கணிப்பு வட்டில், அழுத்தமொத்த உயரத்துக்கு எதிரே வெப்பத்தைத் திருப்பி வைத்தால், பக்கத்துச் சிறு சன்னலில் அடர்வொத்த உயரம் தெரியும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். ‘லே ஓடுபாதையின் உயரம் 10,682 அடி, இன்று நண்பகலில் அதன் அடர்வொத்த உயரம் 14,400 அடி.’ ‘வெயில் தாழட்டும், அடர்வொத்த உயரம் இறங்கியதும் கிளம்பலாம்.’