கேம்பர் வானின் தரைப் பலகை ஏன் அடியிலிருந்து உக்குகிறது?

உள்ளேயே தங்கித் தூங்க வசதி செய்த கேம்பர் வானுக்குப் பலகைத் தரை போடுகிறவர்கள் மேற்பரப்பைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். இரண்டு மூன்று தடவை வார்னிஷ், அதற்கு மேல் வினைல். தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாம், சரி. ஆனால் தரை உக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஓரத்திலும் அடியிலும்தான்.

வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய நுண்குழாய்கள் பலகையான பிறகும் மரத்துக்குள் அப்படியே இருக்கின்றன. பலகையின் முகத்தில் அவை படுத்துக் கிடக்கும். வெட்டிய முனையில் வாய் திறந்து நிற்கும். அதனால் முனை பல மடங்கு வேகமாக நீரை இழுக்கிறது. பிளைவூட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுவதால் நான்கு ஓரங்களிலும் இந்த வாய்கள் உண்டு. சிங்க் குழாய்க்குப் போட்ட ஓட்டையிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ துளையிலும் இதே கதைதான்.

உள்ளே போன ஈரத்தால் நார்கள் குறுக்குவாட்டில் வீங்குகின்றன. நீளவாட்டில் அநேகமாக மாற்றமில்லை. பிளைவூட்டின் ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கை வீங்கவிடாமல் பிடிக்க, அந்த இழுபறி முழுவதும் பசையின் மேல் விழுகிறது. வீட்டுத் தளபாடத்துக்கான மலிவுப் பிளைவூட்டில் இருக்கும் யூரியா பசை நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, ஒருநாள் விட்டுவிடும். மரைன் பிளைவூட்டின் பீனோல் பசை கொதிநீரையும் தாங்கும். ஆனால் தாங்குவது பசை மட்டுமே. மருந்தேற்றாத மரம் என்றால் அதுவும் உக்கும்.

மரத்தின் உலர்ந்த எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் உக்கவைக்கும் பூஞ்சை வளராது. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதம் அளவில் நிற்கும் நாட்களில், ஒரு சொட்டு மழை படாத பலகையே ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு வந்துவிடும். மிச்சம் நாலே நாலு. வெப்பநிலையும் பூஞ்சைக்குப் பிடித்த 27, 28 பாகை!

அந்த நாலைத் தாண்டவைக்கக் கூரை ஒழுகத்தான் வேண்டும் என்றில்லை. நுவரெலியாவில் ஓர் இரவு தங்கினால், உள்ளே தூங்குபவர்களின் மூச்சிலுள்ள நீராவி பலகை இடுக்குகளால் இறங்கி, குளிர்ந்த தகரத் தரையில் நீர்த்துளியாகிறது. கொழும்பில் ஏசி போட்டால் இது தலைகீழ்: ஐஸ் தண்ணீர்க் கோப்பை வேர்ப்பதுபோல, தகரத்துக்கும் பலகைக்கும் இடையில் நுழையும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பலகையின் அடியைத் தேடி வரும். இரண்டிலும் நீர் சேரும் இடம் பலகைக்கு அடி. மேலே வினைல் மூடியிருப்பதால் காய வழியில்லை.

ஆகவே பூச்சு வேலையை ஓரத்தில் தொடங்க வேண்டும். அளவுக்கு வெட்டி, துளைகளையும் போட்டு முடித்த பிறகு, வெட்டுமுகங்கள் குடிக்கும்வரை எபொக்சிப் பிசின் தடவுங்கள். அப்புறம் அடிப்பக்கம், கடைசியாக முகம். தகரத்துக்கும் பலகைக்கும் இடையில் நீர் உறிஞ்சாத மூடுகல நுரைத் தகட்டைத் தகரத்தோடு இடைவெளியின்றி ஒட்டலாம். கார்ப்பெட்டின் அடியில் போடும் பஞ்சு வேண்டவே வேண்டாம், அது நீரைப் பிடித்து வைத்திருக்கும். மூட்டுகளை அடைக்க வினாகிரி மணக்கும் சிலிக்கனும் ஆகாது. காயும்போது அது விடும் அசற்றிக் அமிலம் தகரத்தைத் துருவேற்றும். பொலியூரிதேன் அடைப்புப் பசை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான்.