ஓட்டத்துக்கு முன் விழுங்கும் சீன மூலிகை

காவலர் தேர்வு அறிவிப்போ ராணுவ ஆள்சேர்ப்பு அறிவிப்போ வந்துவிட்டால் போதும், வேலூர் மைதானங்களில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ராணுவத்துக்கு அனுப்பும் கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். உடம்பை நம்பி எதிர்காலத்தைக் கட்டும் பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் இது. அவர்களில் பலர் மூட்டுவலி, தசைப்பிடிப்பு என்று என்னிடம் வருகிறார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், சில வருடங்களாகப் பைக்குள்ளிருந்து ஒரு டப்பா வெளியே வருகிறது. வேர் படம், டிராகன் படம், சீன எழுத்து. ஜின்செங் என்ற வேர், கார்டிசெப்ஸ், இன்னும் வாயில் நுழையாத பெயர்கள்.

"மூலிகைதான டாக்டர், இன்னா ஆயிடப் போவுது?"

இந்தக் கேள்விக்கு ஆர அமரப் பதில் சொல்ல ஓ.பி.யில் நேரம் இருப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சீன மருத்துவத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. மலேரியாவுக்கு இன்று உலகம் முழுவதும் தரும் ஆர்டிமிசினின் ஒரு சீன மூலிகையிலிருந்து வந்ததுதான். அதைக் கண்டெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மூலிகைக்குள் உண்மையான மருந்து இருக்க முடியும். அப்படி இருக்குமானால் அதற்கு அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, சேரக்கூடாத ஆள் உண்டு. சீன வைத்தியர் நோயாளியின் நாடி பார்த்து, நாலைந்து சரக்கைச் சேர்த்துக் கொடுக்கும் கஷாயம் ஒன்று. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்பதற்காக ஆன்லைனில் வாங்கும் கேப்ஸ்யூல் முற்றிலும் வேறு.

ஓட்டத்துக்கு இவை உதவுகின்றனவா? ஜின்செங்கை ஆரோக்கியமான இளைஞர்களுக்கு தினமும் 200, 400 மில்லிகிராம் என எட்டு வாரம் கொடுத்துச் சோதித்தார்கள். ஆக்சிஜன் பயன்பாட்டிலோ தாக்குப்பிடிக்கும் திறனிலோ முன்னேற்றம் இல்லை. கார்டிசெப்ஸ் என்பது இமயமலையில் ஒரு புழுவின் உடலில் வளரும் பூஞ்சை. அசலானது கிலோ பல லட்சம் விலைபோகும் என்பதால் கேப்ஸ்யூலில் வருவது பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்த்தது. பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலன் தெரியவில்லை. வயதானவர்களிடம் சிறு பலன் கண்ட ஆய்வும் உண்டு, ஆனால் இருபது வயதுப் பையனுக்கு அதைப் பொருத்திப் பேச முடியாது. நம் ஊரில் காலில் குத்தும் நெருஞ்சில்கூட சீன மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அதை 'டிரிபுலஸ்' என்று பெயர் மாற்றி ஆண்மை ஹார்மோனைக் கூட்டும் என்று விற்கிறார்கள். ரக்பி வீரர்களிடம் சோதித்தபோது வலிமையும் கூடவில்லை, ஹார்மோனும் கூடவில்லை.

பிறகு கார்டிசெப்ஸுக்கு இவ்வளவு புகழ் எங்கிருந்து வந்தது? 1993 செப்டம்பரில் பெய்ஜிங்கில் சீன வீராங்கனை வாங் ஜுன்ஷியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 விநாடியில் ஓடினார். அதுவரை இருந்த உலக சாதனையைவிட 42 விநாடி குறைவு. அவருடைய பயிற்சியாளர் மா ஜுன்ரென் சொன்ன காரணம் கடும் பயிற்சி, ஆமை ரத்தம், அந்தப் புழுப்பூஞ்சை. உலகமே கார்டிசெப்ஸ் தேட ஆரம்பித்தது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்ஸுக்கு முன் நடந்த ரத்தப் பரிசோதனைக்குப் பின் மா ஜுன்ரெனின் ஓட்டக்காரர்கள் பலர் சீன அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஊக்க மருந்து எடுக்கும்படி அவர் தங்களைக் கட்டாயப்படுத்தினார் என்று வாங் ஜுன்ஷியாவும் சக வீராங்கனைகளும் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016இல் வெளியானது. பயிற்சியாளர் ஊக்க மருந்துக் குற்றச்சாட்டை மறுத்தே வந்தார். விளம்பரக்காரர்களோ இன்றும் 1993 கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பலன் இல்லாவிட்டால் பணம்தானே போகும் என்பார்கள். எனக்குத் தூக்கம் கெடுவது பணத்துக்காக அல்ல.

மா ஹுவாங் என்ற சீனச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். எபெட்ரா என்றும் லேபிளில் வரும். இதிலிருந்துதான் 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் எபெட்ரின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். இது இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். உடம்பின் சூடு வெளியேற வேண்டிய வழி தோல்தான். அதை அடைத்துவிட்டு ஓடினால் சூடு உள்ளேயே தங்கும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். ஹீட் ஸ்ட்ரோக். அவர் எடுத்துவந்த எபெட்ரா மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். அடுத்த வருடமே அமெரிக்கா எபெட்ரா சேர்த்த சப்ளிமென்ட்களைத் தடை செய்தது. ஃபுளோரிடாவில் அது குளிர்காலத்தின் கடைசி. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. எபெட்ரா சேர்த்த ஃபேட் பர்னர் (கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கும் மாத்திரை) விழுங்கிவிட்டு, எடை இறங்க வேண்டும் என்று தண்ணீரும் குடிக்காமல், பாலாற்று மணலில் ஓடுகிறவனை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

அதிமதுரம் சீனக் கலவைகள் பலவற்றில் இருக்கும். அளவு மீறி நாள்கணக்கில் போனால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். கை கால் தளர்ந்துபோகும், இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். "பலவீனமா இருக்கு" என்று இன்னும் இரண்டு கேப்ஸ்யூல் கூட்டிப் போடுகிறவர்கள் உண்டு.

சரக்கு மாறிப்போவது இன்னொரு ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைப்பு மாத்திரையில் ஒரு சீன வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனச் செடியின் வேர் தவறாகக் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. நம் வயல் ஓரத்து ஆடுதின்னாப்பாளையும் அந்த இனம்தான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று அதை அரைத்துக் குடிக்காதீர்கள்.

மாநிலப் போட்டிக்கோ தேசியப் போட்டிக்கோ போகிறவர்களுக்கு இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பெண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்கள். மறுவருடம் அந்த அணியின் மூவர் உட்பட 400 மீட்டர் வீராங்கனைகள் ஆறு பேர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரையில்தான் அது இருந்தது என்பது அவர்கள் தரப்பு. ஒரு வருடத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 2012இல் இரண்டு வருடமாக உயர்ந்தது. லண்டன் ஒலிம்பிக்ஸ் போயே போய்விட்டது. தெரியாமல் சாப்பிட்டேன் என்பதால் தண்டனை குறையலாம், குற்றம் நீங்காது. உடம்பில் எது இருந்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதே ஊக்க மருந்துத் தடை விதி. லேபிளில் உள்ளபடியே மூலிகை இருந்தாலும் சிக்கல் வரலாம். தாமரை விதையின் நடுவில் இருக்கும் கசப்பான பச்சை முளையிலும், ஃபூ ஸி என்ற சீன வேரிலும் ஹைஜெனமைன் என்ற வேதிப்பொருள் உண்டு. அது போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளிலும் தடை செய்யப்பட்ட பொருள்.

போன வருடம் ஒரு பெண் பிள்ளையை அவள் அம்மா அழைத்து வந்தார். ஓடினால் மூச்சு வாங்குகிறது, நேரம் இறங்கவே இல்லை. மூவாயிரம் ரூபாய்க்கு ஜின்செங் வாங்கிக் கொடுத்திருந்தார். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.6, ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் முட்டையும் கொடுத்து சில மாதத்தில் அது ஏறியது, அவள் நேரமும் இறங்கியது. களைப்பு என்று வருகிற பெண் பிள்ளைகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எந்த டப்பாவும் வாங்கும் முன் அந்த ஒரு பரிசோதனையைச் செய்துவிடுங்கள் அம்மா. போட்டிக்கு முன் சுறுசுறுப்புதான் வேண்டுமென்றால் ஒரு டம்ளர் காபிக்கு இருக்கிற ஆதாரம் இந்த மூலிகைகளில் எதற்கும் இல்லை. காபியின் கஃபீன் 2004 முதல் தடைப் பட்டியலிலும் கிடையாது.

அப்படியும் வாங்குவேன் என்றால் டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு சரக்கும் எவ்வளவு என்று சொல்லாமல் மொத்தமாக 'பிளெண்ட்' (கலவை) என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் ஜின்செங்கைத் தொடும் முன் தங்கள் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களைத் திட்ட மாட்டேன். நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், கால் தளர்ச்சி, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது இதில் எது இருந்தாலும் இன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம், கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு அது வேண்டும்.