கரண்ட் பிடிக்கிற இடம்

"மிஸ், கரண்ட் பிடிக்கிற இடம் இதுதானா?"

எங்கள் வாசலில் வாரத்துக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி வரும். கதவுக்கு மேலே 'இயன்மருத்துவப் பிரிவு' (பிசியோதெரபி) என்று பெரிய எழுத்தில் பலகை தொங்குகிறது. அதை வாசித்துவிட்டு வந்தவர் என்று யாரையும் நான் கண்டதில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்துக் காம்பராவில் இருப்பவர் சொல்லி அனுப்பியிருப்பார்: அங்கே போனால் கரண்ட் பிடிப்பார்கள், நோவு போய்விடும். ஆமாம் என்று சொல்லித்தான் உள்ளே அழைக்கிறேன். இல்லை என்றால் திரும்பிப் போய்விடுவார்கள்.

கரண்ட் பெட்டி எங்களிடம் இருக்கிறது. நோவைச் சற்று நேரம் மங்கச் செய்யும், அவ்வளவுதான். தேய்ந்த முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அந்தத் தசைக்குப் பலம் ஏற்ற வேண்டுமானால் அதற்கு வேலை கொடுக்க வேண்டும். கதிரையில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, ஐந்து வரை எண்ணி இறக்குங்கள் என்றால், "இதற்காகவா இரண்டு பஸ் ஏறி வந்தேன்?" என்று முகம் சுருங்குகிறது. அந்த முகச்சுருக்கம் நியாயமானது. ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். பேரை இழந்து வந்தவருக்கு ஏதாவது ஒரு கருவியை உடம்பில் வைத்தால்தான் மனம் ஆறுகிறது.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. இடுப்பு நோவோடு வருகிற ஒவ்வொருவருக்கும் எட்டுப் பயிற்சிகள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து, காலையும் மாலையும் பத்துத் தடவை செய்யச் சொல்வேன். மூன்று மாதம் கழித்து ஓர் அம்மா அதே தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான்காக மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாராம். மூலையில் குங்குமம் ஒட்டியிருந்தது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைத் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, மலைக்கு ஏறி, 18 கிலோவோ 20 கிலோவோ கொழுந்து எடுத்து நிறுவைக்குக் கொண்டுபோகிறவருக்கு எட்டுப் பயிற்சிகளுக்கு நேரம் ஏது? படுத்துச் செய்கிற பயிற்சிக்கு அந்த ஒற்றைக் காம்பராவில் இடம்தான் ஏது?

இப்போது ஒரு பயிற்சிதான் கொடுக்கிறேன், அதிகம் போனால் இரண்டு. அடுப்பில் தேத்தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் செய்வது ஒன்று. நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்பக்கமாக மெல்ல வளைவது இன்னொன்று. அடுத்த திகதியையும் பிரஷர், சீனி வருத்தக் கிளினிக் நாளோடு சேர்த்தே போடுகிறேன். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகுதான் திரும்பி வருகிறவர்கள் கூடினார்கள்.

தாமதமாக வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரச் சரிவில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறிந்து பிளாஸ்டர் போட்டுக்கொண்டவர்கள் மழைக்காலத்தில் நிறைய வருவார்கள். பிளாஸ்டருக்கு வெளியே தெரிகிற விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். தோளையும் முழங்கையையும் அசைக்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த ஒரு நிமிடம் வாட்டில் எங்கோ தவறிவிடுகிறது, அல்லது அவருக்கு விளங்காத மொழியில் சொல்லப்படுகிறது. ஆறு வாரம் கழித்துப் பிளாஸ்டரை வெட்டினால் எலும்பு பொருந்தியிருக்கும், விரல்கள் மடங்காது. கொழுந்து கிள்ளுகிறவருக்கு விரல்தானே எல்லாம்.

ஒரு பக்கக் கை கால் விழுந்துபோகிற பாரிசவாதம் இன்னும் கொடியது. போன வருடம் ஒரு பெரியவரை மகன்கள் இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி உரம் ஏறிய உடம்பு. வாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பாரிசவாதத்தில் மீட்சி வேகமாக நடப்பது முதல் மூன்று மாதங்களில்தான். பிறகும் நடக்கும், ஆனால் மெதுவாக. அந்த மூன்று மாதமும் அவர் கட்டிலில் கிடந்தார். வீட்டார் அன்போடு ஊட்டினார்கள், எண்ணெய் போட்டு உருவினார்கள், விழுந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அந்த இழுவையில்தான் தோள் போயிற்று. தசை தளர்ந்த தோளில் எலும்பைக் குழிக்குள் பிடித்து வைக்க எதுவும் இல்லை; இழுத்தால் நழுவும். தூக்க வேண்டுமானால் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்க வேண்டும். இதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

என்ன வேண்டும் ஐயா என்று கேட்டேன். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கக்கூசுக்குத் தனியாகப் போக வேண்டும்" என்றார்.

எங்கள் பிரிவில் பயிற்சிப் படிகள் நான்கு உண்டு. எல்லாம் ஒரே உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்தால் சில வாரங்களில் ஏறி இறங்கிவிடுவார்கள். நாங்களும் 'முன்னேற்றம்' என்று கொப்பியில் எழுதிவிடுவோம். அவருடைய லயத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்தேன். கக்கூசுக்குப் பதினொரு படிகள். கருங்கல், பாசி, ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது கால்வைக்கப் போதாது. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் கொப்பியில் எழுதிய முன்னேற்றம் அந்த முதல் படியிலேயே நின்றுவிட்டது.

எங்கள் வேலை பலன் தருகிறதா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் படிகளைத்தான். மூட்டு எத்தனை பாகை மடங்கியது என்று அளக்கிறோம். அளக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வீட்டுப் படிக்கு அது போதுமா என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 8, உலக இயன்மருத்துவ தினம். ஒவ்வொரு வருடமும் தாழ்வாரத்தில் சுவரொட்டி ஒட்டுகிறோம். அதைப் பார்ப்பவர்கள் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டவர்கள். லயத்தில் கிடப்பவருக்குச் செய்தி போவது தோட்டத்து மருந்துவீடு வழியாகவும் பிள்ளைக் காம்பரா வழியாகவும்தான். அங்கே இருப்பவர்களிடம் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லி வைக்கிறேன். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, 'பயிற்சி கொடுக்கிற பிரிவுக்குத் துண்டு எழுதித் தாருங்கள்' என்று டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்கும் கட்டணம் இல்லை. வரும்போது கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம்.

பெரியவரின் மூத்த மகன் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கு வந்தபோது, நான் சொன்ன உயரத்தில், அப்பாவின் நல்ல கை படும் பக்கமாக இரும்புக் குழாய் நட்டு, உயரமான படியில் பாதிக் கல் வைத்துச் சீமெந்து பூசிவிட்டுப் போனார். தைப்பொங்கலுக்கு முன்பே பெரியவர் தனியாக இறங்கத் தொடங்கிவிட்டார். இப்போது அந்த லயத்தில் எல்லோரும் அந்தக் குழாயைப் பிடித்துத்தான் இறங்குகிறார்களாம். காலையில் தான் போகிற நேரத்தில் வழியை மறிக்கிறார்கள் என்று என்னிடம் முறைப்பாடு செய்தார்.