மல்யுத்தம் ஆறு நிமிடத்துக்குள் அடங்கிய கதை

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். கிரேக்கோ-ரோமன் மல்யுத்தம், 75 கிலோ பிரிவு அரையிறுதி. ஒருபக்கம் மார்ட்டின் கிளைன், எஸ்டோனியாக்காரர், ரஷ்யாவுக்காக வந்தவர். மறுபக்கம் ஃபின்லாந்தின் ஆல்ஃபிரெட் அசிகைனென். அன்றைய கணக்கில் இருவருமே ரஷ்ய ஜார் மன்னரின் குடிமக்கள்தான். திறந்த மைதானத்தில், வெயிலில் தொடங்கிய போட்டி, இடையிடையே சிறு ஓய்வுகளோடு நீண்டுகொண்டே போனது. கடைசியில் கிளைன் எதிராளியின் இரண்டு தோள்களையும் தரையில் படவைத்து ஜெயித்தபோது 11 மணி 40 நிமிடம் ஓடியிருந்தது. ஆனால் தங்கத்துக்காக ஸ்வீடனின் கிளாஸ் யோஹான்சனோடு மோத அவர் உடம்பில் தெம்பு மிச்சமில்லை. களமிறங்காமல் வெள்ளியோடு திரும்பினார்.

அதே ஒலிம்பிக்கில் 82.5 கிலோ இறுதிச் சுற்று இன்னும் விசித்திரம். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆல்கிரெனும் ஃபின்லாந்தின் ஐவர் பூலிங்கும் ஒன்பது மணி நேரம் மோதியும் முடிவு வரவில்லை. நடுவர்கள் போட்டியை நிறுத்தி இருவருக்கும் வெள்ளியைக் கொடுத்தார்கள். தங்கம் யாருக்கும் இல்லை.

இவர்கள் சோம்பேறிகள் இல்லை, திறமை குறைந்தவர்களும் இல்லை. சமபலமுள்ள இரண்டு மனித உடல்கள் மோதினால் தாக்குவதைவிடத் தடுப்பதுதான் சுலபம். மல்யுத்த விதிகளின் நூற்றாண்டு வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கலோடு நடந்த போராட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒருவரை விழவைக்க வேண்டுமென்றால் அவருடைய ஈர்ப்பு மையத்தை, அவர் கால்கள் அடைத்திருக்கும் பரப்புக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும், அடித்தளம் விரியும். குத்துவிளக்கு ஆட்டுக்கல்லாக மாறிவிடும். எதிராளியின் கால்களில் ஒன்றைப் பிடித்துத் தூக்கினால் அந்த அடித்தளமே பாதியாகிவிடும். காலைப் பிடிக்க அனுமதியுள்ள ஃப்ரீஸ்டைல் பாணி வீரர்கள் காலைக் குறிவைத்துப் பாய்வது இதனால்தான்.

கிரேக்கோ-ரோமனில் அந்த வழியே அடைபட்டிருக்கிறது. இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது, காலால் தட்டிவிடக்கூடாது. பெயரில் பழங்கால மணம் வீசினாலும் இந்தப் பாணி 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் உருவானது. சரி, காலைத் தொடமுடியாது, எதிராளியோ பதுங்கி நிற்கிறார். என்ன செய்வது? மார்போடு கட்டிப்பிடித்து அப்படியே தூக்கி எறிய வேண்டும். அவர் குப்புறப் படுத்துவிட்டால் முழு எடையையும் தரையிலிருந்து பெயர்க்க வேண்டும். தூக்குபவர் எரிக்கும் சக்தியில் ஒரு பங்குகூடப் படுத்திருப்பவருக்குச் செலவில்லை. ஜெயிக்கத் தோள்களைத் தரையில் படவைப்பதுதான் வழி, கடிகாரமும் கிடையாது என்றால் 11 மணி நேரம் ஆனதில் ஆச்சரியமில்லை.

சமபலம் என்ற சிக்கலைப் போட்டி அமைப்பாளர்கள்தான் ஒரு வகையில் உருவாக்கினார்கள். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் எடைப் பிரிவே கிடையாது. ஐந்து பேர்தான் கலந்துகொண்டார்கள். ஜெயித்தவர் ஜெர்மனியின் கார்ல் ஷூமன், 163 சென்டிமீட்டர் உயரமே இருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். பளுதூக்குதலில் முதலிடம் பிடித்திருந்த லான்செஸ்டன் எலியட்டையும் சாய்த்தார். கிரேக்க வீரர் ட்ஸிட்டாஸுடனான இறுதிச் சுற்று இருட்டியதால் நின்று, மறுநாள் தொடர்ந்தது.

ஷூமன் விதிவிலக்கு. தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. ஒரே உடல்வாகு உள்ள இருவரில் ஒருவரின் எடை இரண்டு மடங்கானால், வலிமை சுமார் 1.6 மடங்குதான் ஆகும். தன் எடைக்குத் தகுந்த வலிமை என்று பார்த்தால் சிறியவருக்கே லாபம். ஆனால் மல்யுத்தத்தில் அவர் தூக்கவேண்டியது தன் எடையை அல்ல, எதிரில் நிற்கும் இரண்டு மடங்கு எடையை. அங்கே கணக்கு உதைக்கும். 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஏழு எடைப் பிரிவுகள் வந்தன. நியாயம் கிடைத்தது. கூடவே, சமமானவர்களைச் சமமானவர்களோடு மட்டும் மோதவிட்டதால் முட்டுக்கட்டையும் வந்து சேர்ந்தது.

ஸ்டாக்ஹோமுக்குப் பிறகு கடிகாரம் வந்தது. 1920களில் 20 நிமிடமாக இருந்த போட்டி, 1970களில் மூன்று மூன்று நிமிடமாக மூன்று சுற்று என்று சுருங்கியது. 1980களில் இரண்டு சுற்றாகக் குறைந்தது. நேரம் முடிந்தால் வெற்றியாளர் யார் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே! அதற்குத்தான் புள்ளிகள்.

நடுவில் பல ஆண்டுகள் 'கெட்ட புள்ளி' என்றொரு வினோத முறை இருந்தது. தோற்றால் மூன்று கெட்ட புள்ளி. ஜெயித்தாலும், எதிராளியின் தோளைத் தரையில் படவைக்காமல் ஜெயித்தால் ஒரு கெட்ட புள்ளி. குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்ததும் ஆள் வெளியே. பாதுகாப்பாக ஆடி ஜெயிப்பவனுக்கும் தண்டனை என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கணக்குப் போடத் தெரியாத பார்வையாளருக்கு யார் முன்னணியில் இருக்கிறார் என்றே புரிந்திருக்காது.

2000 சிட்னியில் இன்னொரு சோதனை. சுற்று புள்ளியில்லாமல் முடிந்தால், இரு வீரர்களும் மார்போடு மார்பு கட்டிப்பிடித்து அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். பிடியை முதலில் விட்டவருக்கு நஷ்டம், மற்றவருக்கு ஒரு புள்ளி. 130 கிலோ இறுதிச் சுற்றில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் கரேலின் நின்றார். சர்வதேசப் போட்டிகளில் 13 ஆண்டுகள் தோல்வியே காணாதவர், குப்புறக் கிடக்கும் 130 கிலோ ஆட்களைத் தலைகீழாகத் தூக்கி எறிவதில் பெயர் பெற்றவர். எதிரில் அமெரிக்காவின் ருலன் கார்ட்னர். கட்டிப்பிடித்திருந்த கரேலினின் கைகள் ஒரு கணம் விலகின. ஒரு புள்ளி போனது. முடிவு 1-0. எந்த வீச்சும் இல்லாமல் சரித்திரம் மாறியது.

அதன்பின் 2005இல் வந்த விதி இன்னும் மோசம். இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று, அதில் இரண்டை வென்றால் போதும். ஃப்ரீஸ்டைலில் ஒரு சுற்று 0-0 என்று முடிந்தால், பையிலிருந்து நிறப் பந்து ஒன்றை எடுப்பார்கள். எந்த நிறம் வருகிறதோ அந்த வீரருக்கு எதிராளியின் காலைப் பிடித்துத் தொடங்கும் சலுகை. காலைக் கையில் கொடுத்துவிட்டால் கதை பெரும்பாலும் முடிந்த மாதிரிதான். வருடக்கணக்கான பயிற்சியைக் குலுக்கல் தீர்மானித்தது.

2013 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிர்வாகக் குழு, 2020 முதல் மல்யுத்தத்தை நீக்கலாம் என்று பரிந்துரைத்தபோது மல்யுத்த உலகம் அதிர்ந்தது. சில மாதங்களிலேயே விதிகள் மாறின. மூன்று நிமிடச் சுற்றுகள் இரண்டு, புள்ளிகள் மொத்தமாகக் கூட்டப்படும், கீழே சாய்த்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. ஃப்ரீஸ்டைலில் சோம்பி நிற்பவருக்கு 30 விநாடி கெடு, அதற்குள் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு ஒன்று. செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸ் வாக்கெடுப்பில் மல்யுத்தம் மீண்டும் உள்ளே வந்தது.

இந்த ஆறு நிமிடம் உடலுக்கு மிகக் கொடூரமான நீளம். வெடிப்பான ஒரு பாய்ச்சலுக்கான சக்தி தசைகளில் தயாராகச் சேமித்திருக்கிறது, ஆனால் அது பத்து விநாடி அளவுக்குத்தான் வரும். அப்புறம் தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமல் உடைக்க வேண்டும், அந்த உடைப்பில் பிறக்கும் லாக்டேட் ரத்தத்தில் குவியும். ஓய்வில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிமோலாக இருப்பது போட்டி முடிவில் பத்தைத் தாண்டிவிடும். போதாததற்கு, இறுக்கிப் பிடித்து நிற்கும் தசை தன் ரத்தக் குழாய்களையே நசுக்கிக்கொள்கிறது. அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் பிடியில்தான் முன்கைகள் சீக்கிரம் செத்துப்போகின்றன.

சமமானவர்களோடு மோதவேண்டும் என்றால், கொஞ்சம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் என்ன என்ற யோசனை வராமல் இருக்குமா? ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரோடு சேர்ந்துதான் தசையில் தங்கும். பட்டினி கிடந்து கிளைக்கோஜனைத் தீர்த்தால் தண்ணீரும் கழன்றுபோகும். மிச்சத்தை வியர்வையில் இறக்கலாம். எடை பார்த்தபின் சாப்பிட்டுக் குடித்தால் எல்லாம் திரும்பிவிடும். ஆனால் நீர் வற்றினால் ரத்தம் குறையும், உடல் சூடு தணியாது. 1997இல் அமெரிக்காவில் ஒரு மாதத்துக்குச் சற்றே மேலான இடைவெளியில் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கும்போதே இறந்தார்கள்.

சர்வதேச மல்யுத்தச் சங்கம் இதற்குக் கண்டுபிடித்த மருந்து, 2018 முதல் ஒரே பிரிவை இரண்டு நாள் நடத்தி, இரண்டு நாள் காலையிலும் எடை பார்ப்பது. முதல் நாள் மட்டும் வற்றிக் காட்டி ஏமாற்ற முடியாது. 2024 பாரிஸில் வினேஷ் போகத் மாட்டியது இதில்தான். முதல் நாள் 50 கிலோவுக்குள் நின்று, அதுவரை சர்வதேசத் தோல்வியே இல்லாத ஜப்பானின் யுய் சுசாகி உட்பட மூன்று பேரை வென்றார். போட்டிகளுக்கு இடையே உண்டதும் குடித்ததும் உடலில் தங்கி, அன்று மாலை எடை வரம்பைவிட சுமார் 2.7 கிலோ கூடியிருந்தது. இரவெல்லாம் ஓடி வியர்த்து, முடியைக்கூட வெட்டியும் 100 கிராம் மிஞ்சியது. வெள்ளிகூடக் கிடைக்கவில்லை, விதிப்படி கடைசி இடம். அதே சங்கம் நடத்தும் தரவரிசைப் போட்டிகள் சிலவற்றில் 2 கிலோ வரை சலுகை உண்டு. ஒலிம்பிக்கில் ஒரு கிராமும் கிடையாது.