பாரிஸ் டிக்கெட் ஓகே, விசா?

ஐரோப்பியப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுத் தருவது என் தொழில். ஒரு ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு லண்டனிலிருந்து போன். அங்கே அப்போது மாலை ஆறரை. மகன் ஆன்லைனில் போட்டுக் கொடுத்த டிக்கெட்டோடு பாரிஸ் திரும்பக் கிளம்பிய கோவைத் தம்பதியை ரயில் ஏற விடவில்லை. "டிக்கெட் கன்ஃபர்ம்னுதானே சார் இருக்கு?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

டிக்கெட்டில் குறை இல்லை. லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் ரயில் ஏறுவதற்கு முன்பே பிரெஞ்சு எல்லைச் சோதனை முடிந்துவிடும். இவர்களிடம் இருந்தது ஒரே முறை நுழையும் ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ், ஜெர்மனி போன்ற பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துத் தரும் ஒரே விசா. பிரிட்டன் ஷெங்கனுக்குள் இல்லை. பாரிஸிலிருந்து லண்டன் கிளம்பியபோதே அந்த விசா தீர்ந்துபோயிற்று. பிரிட்டன் விசா தனியாக எடுத்திருந்தார்கள், ஆனால் திரும்பி நுழைய பல முறை நுழையும் 'மல்டிபிள் என்ட்ரி' விசா வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பாரிஸிலிருந்து ஊர் திரும்பப் போட்டிருந்த விமான டிக்கெட் வீண். லண்டனிலிருந்து புது டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்தார்கள்.

ரயில் டிக்கெட் விற்கும் தளம் இதையெல்லாம் கேட்காது. கார்டில் பணம் போனதா என்பதோடு அதன் கவலை முடிந்தது. வாடிக்கையாளர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மற்றவர்கள் தப்பை மட்டும் சொன்னால் நியாயமில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு குடும்பத்துக்கு மூன்று நாடு தாண்டும் பயணத்தை இரண்டாக உடைத்து, இரண்டு தளங்களில் டிக்கெட் போட்டேன். நாற்பது யூரோ மிச்சம் என்று பெருமை வேறு. வழியில் முதல் ரயில் ஒரு மணி நேரம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும் மலிவு டிக்கெட். நாலு பேருக்கும் அன்றைய முழு விலையில் வாங்க வேண்டியிருந்தது. பணத்தை நான்தான் கொடுத்தேன்.

முழுத் தூரமும் ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணி உரிமைச் சட்டப்படி, இணைப்பு ரயிலைத் தவறவிட்டாலும் போய்ச் சேர வழி செய்து தருவது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு. கடைசி ஊரை அடைய ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் கேட்டு வாங்கலாம். சில விதிவிலக்குகள் உண்டு. ஜெர்மன் ரயில்வேயின் 'ஷ்பார்பிரைஸ்' மலிவு டிக்கெட்டில்கூட, போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு ரயிலில் ஏறலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஒரே தளத்தில் ஒரே தடவை பணம் கட்டினாலே ஒரே டிக்கெட் ஆகிவிடாது. இடைத்தரகு ஆப்கள் சில, இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். இருந்தால் நடுவில் மூன்று மணி நேரமாவது விட்டுப் போடுங்கள்.

ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களில் போகத் தரும் யூரெயில் பாஸை வாங்கியவர்கள் இனி எதுவும் வாங்க வேண்டாம் என்று நினைக்கிறார்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலும் அது சரி. லண்டன்-பாரிஸ் ஓடும் யூரோஸ்டார், பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். அதிலும் யூரோஸ்டாரிலும் டிஜிவியிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் கொஞ்சம்தான்.

நிலையத்தின் பெயரையும் பாருங்கள். நமக்கு சென்ட்ரல், எழும்பூர் மாதிரி பாரிஸில் லண்டன் ரயில் கார் து நோரிலிருந்து, ஜெனீவா ரயில் கார் த லியோனிலிருந்து. இரண்டுக்கும் நடுவே பெட்டிகளோடு மெட்ரோ பிடிக்க வேண்டும். வெனிஸுக்கு சான்டா லூசியா. மெஸ்த்ரே என்றால் தீவு நகருக்குள் போகாமல் இக்கரையிலேயே இறங்கிவிடுவீர்கள். பிரஸ்ஸல்ஸில் 'மிடி', 'ஸௌட்' என்று இரண்டு பலகை பார்த்துப் பதற வேண்டாம், ஒரே நிலையம்தான்.

எப்போது போடுவது என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஐஆர்சிடிசி மாதிரி 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. ஆனால் அங்கே விலை விமானம் போல நாளுக்கு நாள் ஏறும். விசாவுக்கோ பயணத்துக்கு ஆறு மாதம் முன்புதான் விண்ணப்பிக்கவே முடியும். விசா வரும் முன் மலிவு விலையைப் பார்த்து, பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். விசா மறுக்கப்பட்டால் அத்தனையும் போச்சு. தூதரகத்துக்குப் பயணத் திட்டம் காட்ட, ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டையே நான் போடுகிறேன், கொஞ்சம் விலை கூடினாலும்.

கடைசியாக ஒன்று. பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால் தளத்தைத் திட்டாதீர்கள். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை நாமாகத்தான் இயக்க வேண்டும். வங்கி ஆப்பிலேயே செய்யலாம். ஓடிபி வரும் சிம்மை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.