மாசிக் குஞ்சுகளும் நூறு துளிக் குப்பியும்

பாலக்காட்டுக் கணவாய்க்குள் வருகிறவர்கள் தை, மாசியில் முதலில் உணர்வது காற்றைத்தான். கிழக்கிலிருந்து வறண்டு வீசும் அந்தக் காற்றில் காயப்போட்ட துணி அரை மணியில் மொடமொடக்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்து வீடுகளில் இந்த நாட்களுக்கு என்று ஒரு தனி சுகம் உண்டு. ரேஷன் அட்டை மலையாளத்தில் இருக்கும். கோழியைக் கூப்பிடுவது மட்டும் தமிழில்தான், "பாக் பாக்" என்று.

இரண்டாம் போக நெல் அறுத்து முடிந்த வயல்களில் கோழிகள் காலை முதல் மேய்கின்றன. சிந்திய நெல், தாளடியில் ஒளிந்த பூச்சி, வரப்பில் முளைத்த கீரை என்று தீனிக்குக் குறைவில்லை. மழைக்காலத்தில் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திய பெட்டைகள் இப்போது பளபளப்பாகி, கொண்டை சிவந்து, மூலைக்கு மூலை இடம் தேடுகின்றன. பகல் கொஞ்சம் நீளத் தொடங்குவதும் ஒரு காரணம்தான். ஆனால் நம் ஊரில் மிகக் குறுகிய பகலே சுமார் பதினொன்றரை மணி நேரம், நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால். குளிர்நாடுகளைப் போலப் பனிக்காலம் முழுக்க முட்டை நின்றுபோவது இங்கே கிடையாது. இங்கே பெரிய காரணம் தீனியும் காய்ந்த தரையும். சிறுவிடை என்னும் நாட்டுப் பெட்டை பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். இருபத்தோராம் நாள் பஞ்சாரக் கூடைக்குள் கீச்கீச் சத்தம் கேட்கும். மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரியிலிருந்து வந்த கிராமஸ்ரீ போன்ற ரகங்களுக்கு முட்டை அதிகம், அடை உட்காரும் ஆசை மட்டும் குறைவு. குஞ்சு வேண்டும் என்றால் அந்த முட்டைகளையும் ஒரு நாட்டுப் பெட்டையின் வயிற்றுக்கடியில்தான் வைக்க வேண்டும்.

கொல்லையும் சும்மா இருப்பதில்லை. அவரைப் பந்தல் கடைசிக் காய்களைத் தந்துகொண்டிருக்கும். விஷுவுக்குக் கணிவெள்ளரி வேண்டும் என்று மாசி பிறப்பதற்கு முன்பே விதை ஊன்றியிருப்பார்கள். கணி வைக்காத தமிழ் வீடுகளிலும் இந்த வெள்ளரிக்கு ஒரு குழி உண்டு, விற்றால் காசு. தண்ணீர்தான் சிக்கல். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு தடுப்பணை வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும் என்று 1970-இல் எழுதி வைத்தாகிவிட்டது. அது வாய்க்காலில் என்றைக்கு வரும் என்பதுதான் மாசி மாத டீக்கடைப் பேச்சு. வீட்டுத் தோட்டம் அதற்குக் காத்திருக்காது. பாத்திரம் கழுவிய தண்ணீரும் கோழித் தண்ணீர்ச் சட்டியை அலசிக் கொட்டும் தண்ணீரும் போதும்.

கோழியும் தோட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்கள் நாற்று நட்ட மறுநாள் கோழியை உள்ளே விட்டவர்கள். விடவேண்டிய நேரம் வேறு. பாகலும் பீர்க்கனும் ஓய்ந்து, கொடியைப் பிடுங்கிப் போட்டபின், அடுத்த விதைக்கு முன்னால் ஒரு வாரம் பத்து நாள் பாத்தியில் கோழிகளை விட்டுவிடுங்கள். பாகற்காயை உள்ளுக்குள் அழுகவைக்கும் பழ ஈயின் புழு, காயை விட்டு வெளியேறி மேல்மண்ணில்தான் கூட்டுப்புழுவாகிறது. பழுப்பு நிறத்தில், அரிசியைவிடச் சற்றுத் தடித்து உருண்ட சின்னச் சின்ன மணிகளாகக் கிடக்கும். கோழி காலால் இரண்டு சீய்ப்பு சீய்த்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகக் கொத்தி எடுப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் நேரம் போவதே தெரியாது. மருந்தடித்த தோட்டத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். நஞ்சு தின்ற பூச்சியைத் தின்று சாகிற கோழிகள் வருடா வருடம் மருத்துவனான என் மேசைக்கு வருகின்றன.

கோழி எரு பற்றி ஒரு வார்த்தை. தழைச்சத்து அதிகம், ஆகவே சூடும் அதிகம். பச்சையாகப் போட்டால் செடி வேரோடு கருகும். சருகும் தென்னை நார்க்கழிவும் கலந்து, ஈரம் காத்து, மூன்று மாதம் மக்கவிட்டுப் போடுங்கள். கீரைப் பாத்திக்குப் புது எருவே வேண்டாம். பச்சைக் கோழி எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், கீரையை நாம் அரைவேக்காட்டில் இறக்குகிறவர்கள்.

இந்தச் சுகமான நாட்களில்தான் எனக்குக் கவலை தொடங்கும். கால்நடை மருத்துவனாக எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் பார்த்த கோழிச் சாவுகளில் பெரும்பகுதி வெள்ளைக்கழிச்சலால் வந்தது. பாட நூலில் ராணிகெட் நோய். உலகின் மற்ற இடங்களில் நியூகாசில் நோய் என்பார்கள். 1926-இல் அந்த ஆங்கிலேய நகரத்தில் கண்டறியப்பட்டது. வைரஸ் நோய், மருந்து கிடையாது. வந்தால் ஒரு தெருவையே துடைத்துவிட்டுப் போகும்.

"நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் நன்றாக மேய்ந்ததுங்க டாக்டர்" என்பார்கள். உண்மைதான். மறுநாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழி எழுந்து வராது. இறக்கை தொங்கும், கண் பாதி மூடியிருக்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பின்புற இறகில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் ஒட்டியிருக்கும். ஓரிரு நாளில் தப்பியவற்றில் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தீனியைக் குறிவைத்துக் கொத்தினால் அலகு பக்கத்துத் தரையில் போய் இடிக்கும். அந்த நிலையில் மஞ்சளும் சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். கொடுப்பதில் தவறில்லை, கொஞ்சம் தெம்பு வரலாம். நோய் அதற்கு அடங்குவதில்லை.

தடுப்பூசி இருக்கிறது, மலிவானது, பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. பிறகு ஏன் கோழிகள் சாகின்றன? அறியாமை என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு வரும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் கண்ணில் சொட்டு விட வேண்டும் என்று தெரியும். சிக்கல் குப்பியில் இருக்கிறது. சிறிய குப்பியே பெரும்பாலும் நூறு கோழிகளுக்கானது. வீட்டில் இருப்பதோ ஏழு கோழி, பத்துக் குஞ்சு. கலக்கிய மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்தாக வேண்டும். பதினேழுக்கு நூறு வாங்கி மீதியைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? "அடுத்த தடவை முகாம் வரட்டும்" என்று இருந்துவிடுவார்கள். அதற்குள் மாசி வெயில் ஏறிவிடும்.

தெரு சேர்ந்து போட்டால் இந்தக் கணக்கு சரியாகிவிடும். கேரளப் பக்கம் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்னும் பெண்கள் குழு ஊருக்கு ஊர் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய திட்டம், இன்று அது இல்லாத வார்டே இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் மகளிர் குழு. சேமிப்புப் பணம் கட்டக் கூடும் நாளுக்கு மறுநாள் விடியற்காலையைக் கோழி நாளாக வைத்துக்கொள்ளும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். யார் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை நாள் குஞ்சு என்று முந்தின நாளே நோட்டில் எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பிப்ரவரியில் கால்நடைத்துறை நடத்தும் இருவார இலவச முகாமையும் விட்டுவிட வேண்டாம். கேரளப் பக்கத்தில் பஞ்சாயத்து மிருகாஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வேலை சுலபம்.

குஞ்சு பொரித்து ஐந்து முதல் ஏழு நாளுக்குள் லசோட்டா அல்லது எஃப் என்னும் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்குத் துளையிலோ ஒரு சொட்டு. சொட்டு விழுந்ததும் குஞ்சு கண்ணைக் கொட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சொட்டு மண்ணுக்கு. நான்கு வாரம் ஆனதும் லசோட்டா இன்னொரு முறை. எட்டு வாரம் கடந்ததும் ஆர்2பி என்னும் ஊசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. இந்த ஆர்2பி-யைச் சின்னக் குஞ்சுக்குப் போடக்கூடாது, வீரியம் கூடிய மருந்து, அதுவே நோயாக முடியும். தெருவில் எல்லா வயதும் கலந்திருப்பதால்தான் அந்த நோட்டு வேண்டும் என்கிறேன். ஏற்கனவே சோர்ந்து நிற்கும் கோழிக்கு எதையும் போடாதீர்கள். குடற்புழு நீக்க மருந்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும்.

மருந்து உயிருள்ள வைரஸ். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் இறங்கும்போது கையில் இருப்பது வெறும் தண்ணீர். பிப்ரவரி கடைசியில் இங்கே பகல் 36 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வாய் அகன்ற ஃபிளாஸ்கில் ஐஸ்கட்டி போட்டு வாங்கி வாருங்கள். கோழிகளைத் திறந்துவிடுவதற்கு முன், விடியலிலேயே வேலையை முடியுங்கள். வயலுக்குப் போன கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குஞ்சுகளுக்கு இன்னொரு எதிரி இந்தக் காற்று. பகலில் சுடும், பின்னிரவில் சில்லிடும். பஞ்சாரத்தின் கிழக்குப் பக்கத்தைக் கீற்றாலோ சாக்காலோ மறையுங்கள், மேற்கைத் திறந்து வையுங்கள். முழுக்க மூடினால் எச்சத்தின் அம்மோனியா கண்ணை எரிக்கும். தீனிக்குக் கரையான் பானையைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு அடைத்துத் தண்ணீர் தெளித்து, மாலையில் புற்று இருக்கும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் எடுத்துத் தட்டினால் வெள்ளை வெள்ளையாக உதிரும். தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்க, குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழும். கடலைப் பிண்ணாக்கு வைப்பவர்கள் முகர்ந்து பார்த்து வையுங்கள். பூஞ்சை வாடை வந்தால் குப்பைக்குழிக்குத்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கால் செத்தன. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான்.

அம்மையும் வெயிலோடு வரும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம். கொசு பரப்பும் நோய், ஆகவே தென்னந்தோப்பில் மல்லாந்து கிடக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்துப் போடுவதே பாதி வைத்தியம். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அதற்குள் வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும். இரவில் மட்டும் வெளியே வந்து இரத்தம் குடிக்கும் கோழி உண்ணி கூட்டின் மரப் பிளவுகளில் பகலைக் கழிக்கும்; டார்ச்சு எடுத்துக்கொண்டு ஒரு முறை ராத்திரி போய்ப் பாருங்கள்.

எதற்கெடுத்தாலும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கழிச்சலுக்கு அது வேலை செய்யாது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-இல் இந்தியா தடை விதித்தது. பழைய பாக்கெட் வீட்டு அலமாரியில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம்.

பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் எல்லையில் நிலைமை மாறிவிடும். 2014-இல் குட்டநாட்டில் வந்தபோதும் அதற்குப் பிறகு வந்தபோதும் வாளையாறு, கோபாலபுரம், வேலந்தாவளம் சோதனைச்சாவடிகளில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து தெளித்தார்கள், கோழி ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் ஒரே இடத்தில் பல கோழிகளோ வாத்துகளோ காகங்களோ செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள். கால்நடைத்துறைக்குச் சொல்லுங்கள், 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். மாதிரியைப் போபால் ஆய்வகம் சோதித்து முடிவு சொல்லும் வரை வீட்டுக் கோழிகளை வெளியே விட வேண்டாம். நன்றாகச் சமைத்த முட்டையையும் கறியையும் தின்னப் பயப்படத் தேவையில்லை.

சாதாரண நாட்களில் நோய் ஊருக்குள் வருவது லாரியில் அல்ல, கைப்பையில். மாசி, பங்குனி கோயில் நோன்பி வருகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துச் சம்பந்தி ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கொண்டுவருவார். சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று மாமா இரண்டு பெட்டை வாங்கிவருவார். மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருக்கும். கழிச்சல் கண்ட வீட்டில் மிச்சக் கோழியைச் சந்தைக்கு அனுப்புவது இன்னும் நடக்கிறது, அதைக் குற்றமாகவே யாரும் நினைப்பதில்லை. வந்த கோழியை மூன்று வாரம் தனியாக, வேறு தண்ணீர்ச் சட்டியோடு கட்டி வையுங்கள். உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்தபிறகு அதற்கு வையுங்கள், முன்னால் அல்ல. செத்ததை வாய்க்காலில் எறியாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். எறிந்தால் நாய் இழுத்துக்கொண்டுபோய் அடுத்த தெருவில் போடும்.

ஊசி போட்ட அன்று மருந்து மிஞ்சும். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒருவர் கேட்பார்: "மிச்சத்தைப் பிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுங்களா டாக்டர், பக்கத்துத் தோட்டத்தில் அடுத்த வாரம் குஞ்சு பொரிக்குது?" வேண்டாம். கலக்கிய மருந்து சில மணி நேரத்தில் செத்துவிடும். குப்பியையும் ஊசியையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக் குஞ்சுகளின் பெயரை அந்த நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த குப்பி வாங்கும்போது அவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம்.