சேற்றுக் கரையில் மூன்று உள்ளான்கள்: படம் எடுத்து இனம் காண்பது எப்படி?

தை, மாசியில் கிருஷ்ணகிரி அணையின் தண்ணீர் இறங்க இறங்க ஓரத்தில் புதுச் சேறு தெரிய ஆரம்பிக்கும். புழுவும் பூச்சிக் குடம்பியும் நிறைந்த இந்தச் சேற்றுக்காகத்தான் வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகள் இங்கே இறங்குகின்றன. ஆகஸ்ட் வாக்கில் வரத் தொடங்கி ஏப்ரல் வரை இருக்கும். கெலவரப்பள்ளி அணை, பாரூர் ஏரி, தர்மபுரிப் பக்கம் பஞ்சப்பள்ளி சின்னாறு அணை என்று ஓரம் ஆழமில்லாத நீர்நிலை எதிலும் தேடிப் பார்க்கலாம்.

இவற்றில் அதிகம் குழப்புபவை, ஆங்கிலத்தில் சாண்ட்பைப்பர் எனப்படும் உள்ளான்களில் மூன்று: சாதா உள்ளான், பொரி உள்ளான், கிரீன் சாண்ட்பைப்பர். மூன்றுமே மேலே பழுப்பு, கீழே வெள்ளை. நிறத்தை மட்டும் நம்பினால் தவறிவிடும். நிற்கும் பறவையில் முதலில் தோளைப் பாருங்கள். மடித்த இறக்கைக்கு முன்னால் வயிற்றின் வெள்ளை ஒரு கொக்கியைப் போல மேலேறியிருந்தால் அது சாதா உள்ளான். பொரி உள்ளானுக்குக் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும் வெண்புருவம், முதுகில் பெரிய வெளிர் புள்ளிகள், மஞ்சள் சாயலுள்ள நீண்ட கால். கிரீன் சாண்ட்பைப்பரின் புருவக் கோடு அலகிலிருந்து கண்ணோடு நின்றுவிடும். முதுகு கருமையாக, புள்ளி பொடியாக இருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால், பறவை தானாக எழும்போது கிடைக்கும் படம் முடிவு சொல்லும். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் போதும். பிட்டம் (வாலுக்குச் சற்று மேலே உள்ள பகுதி) பழுப்பாகவும் இறக்கையில் வெள்ளைக் கோடும் தெரிந்தால் சாதா உள்ளான். மற்ற இரண்டுக்கும் பிட்டம் வெள்ளை, இறக்கைக் கோடு கிடையாது. அவற்றைப் பிரிப்பது இறக்கையின் அடிப்பக்கம்: கிரீன் சாண்ட்பைப்பருக்குக் கிட்டத்தட்ட கருப்பு, பொரி உள்ளானுக்கு வெளிர் சாம்பல்.

வெளிச்சம் இங்கேதான் ஏமாற்றும். சூரியன் பறவைக்குப் பின்னால் இருந்தால் வெளிர் இறக்கையும் கருப்பாகப் பதியும். பொரி உள்ளானை கிரீன் சாண்ட்பைப்பர் என்று தவறாகச் சொல்லிவிடுவோம். அதனால் காலைச் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கேமராவிடம் விடாமல் மேனுவலில் நீங்களே வையுங்கள். கருஞ்சேற்றைப் பார்த்த கேமராவின் ஒளி மீட்டர் படத்தை வெளிறச் செய்து, வெள்ளைப் பிட்டத்தின் விவரத்தை அழித்துவிடும். கெலவரப்பள்ளியில் தென்பெண்ணை கழிவுநீரோடு நுரைத்து வரும் நாட்களில் நேர் எதிர்: வெண்நுரை பின்னால் இருந்தால் பறவை இருண்டுபோகும். எட்டு மணி வெயிலுக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை வைத்துத் தொடங்கலாம்.

ஒன்பதைத் தாண்டினால் சேறு சூடேறி அதன் மேல் காற்று அலையும். போகஸ் சரியாக விழுந்தாலும் இறகின் விளிம்பு கலங்கித் தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் 600 மிமீ லென்ஸ் போட்டாலும் இது தீராது. தூரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். நேராக நடந்து போகாதீர்கள். லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயராமல் படுத்து, பறவை மேயும்போது மட்டும் நகருங்கள். அது கழுத்தை நீட்டி நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள். சாதா உள்ளான் எப்போதும் வாலாட்டும், அதை மிரட்சி என்று நினைக்க வேண்டாம். மேலே காய்ந்த சேற்றுக்கு அடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழம்பு இருக்கலாம். கோலால் குத்திப் பார்த்த பிறகே கால் வையுங்கள்.

மார்ச் முதல் ஆள்காட்டி, பட்டாணி உப்புக்கொத்தி ஆகிய பறவைகள் இதே கரையின் சரளையில் முட்டையிடத் தொடங்கும். முட்டை கல்லோடு கல்லாகக் கிடக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேல் ஆள்காட்டி கத்திச் சுற்றினால் படம் எடுக்காமல் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். தாய் எழுந்து போன முட்டை அந்த வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும்.